ஆஸ்டெரிக்ஸ்: முதலில் எந்த ஆல்பத்தை எடுப்பது?

2025 அக்டோபரில் வந்த லுசிட்டேனியா (இன்றைய போர்ச்சுகல்) கதையோடு, பிரெஞ்சுப் படக்கதைத் தொடரான ஆஸ்டெரிக்ஸின் ஆல்பங்கள், அதாவது கதைப் புத்தகங்கள், 41 ஆகிவிட்டன. புதிதாகப் படிக்க விரும்புகிறவருக்கு இந்த எண்ணிக்கையே முதல் தடை. எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. எல்லாவற்றையும் ஒருவரே எழுதவும் இல்லை. கைக்குக் கிடைத்த ஒன்றைப் படித்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடி வைத்தவர்களை நான் அறிவேன். கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அவர்கள் எடுத்தது மிகப் பழையதாகவோ மிகப் பிந்தியதாகவோ இருக்கும். விலையும் குறைவில்லை. அதனால் முதல் ஆல்பத்தை யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் படிக்கலாம். நாயகர்களான ஆஸ்டெரிக்ஸும் ஓபெலிக்ஸும் வெளிநாடு போகும் பயணக் கதைகளில் தொடங்கலாம். கிராமத்திலேயே நடக்கும் கதைகளை எடுக்கலாம். எழுத்தாளர் இறந்த பிறகு ஓவியர் தனியாக எழுதி வரைந்தவற்றை எடுக்கலாம். அல்லது 2013க்குப் பிறகு புதியவர்கள் கையில் வந்தவற்றை வாங்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிராமத்துக் கதைகளில் தொடங்குங்கள், அவற்றிலும் ‘தி மேன்ஷன்ஸ் ஆஃப் த காட்ஸ்’ ஆல்பத்தை முதலில் எடுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாங்குவதென்றால் மட்டும் ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் கிளியோபாட்ரா’. மந்திரக் கஷாயத்தால் தீர்க்க முடியாத ஆபத்து வரும்போதுதான் இந்தத் தொடர் தன் முழு உயரத்துக்கு எழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்தத் தேர்வு.

தொடரை அறியாதவர்களுக்காகக் கதைக்களத்தைச் சொல்லிவிடுகிறேன். காலம் கி.மு. 50. ஜூலியஸ் சீசர் கோல் நாடு முழுவதையும், அதாவது இன்றைய பிரான்ஸையும் அதன் சுற்றுப்புறத்தையும், பிடித்துவிட்டார். வடமேற்குக் கடற்கரையான அர்மோரிக்காவில் ஒரே ஒரு கிராமம் மட்டும் பணியவில்லை. அதைச் சுற்றி நான்கு ரோமானிய முகாம்கள். கிராமத்து ட்ரூயிட் பூசாரி கெட்டஃபிக்ஸ் காய்ச்சும் கஷாயத்தைக் குடித்தால் சிறிது நேரத்துக்கு அசுர பலம் வரும். புத்திக்கூர்மையுள்ள குள்ள வீரன் ஆஸ்டெரிக்ஸ். அவனுடைய நண்பன் ஓபெலிக்ஸ், குழந்தையாக இருந்தபோது கஷாய அண்டாவுக்குள் விழுந்து ஆயுள் முழுமைக்குமான பலத்தைப் பெற்றுவிட்டவன். பிழைப்புக்குக் குத்துக்கல் செதுக்குகிறான். கேடயத்தின் மீது நின்றபடி பவனி வரும் தலைவர் வைட்டல்ஸ்டாட்டிஸ்டிக்ஸ், யாருமே கேட்க விரும்பாத பாட்டைப் பாடும் பாணன் ககோஃபோனிக்ஸ், அழுகிய மீன் விற்பவர், அந்த மீனைக் குறை சொல்லிச் சண்டையைத் தொடங்கும் கொல்லர் என்று ஒரு முழு ஊர் இருக்கிறது.

உண்மை வரலாற்றில் இப்படி ஒரு கிராமம் இல்லை. அர்மோரிக்காவின் வெனெட்டி மக்களைச் சீசர் கி.மு. 56இலேயே கடற்போரில் முறியடித்தார். கி.மு. 52இல் கெர்கோவியாவில் சீசரைத் தோற்கடித்த கோல் தலைவர் வெர்சிஞ்செட்டோரிக்ஸ், அதே ஆண்டில் அலேசியாவில் சரணடைந்தார்; பிறகு ரோமில் கொல்லப்பட்டார். ஓபெலிக்ஸ் முதுகில் சுமக்கும் குத்துக்கற்களோ கோல் மக்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியவை. பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் உள்ள கார்னாக்கில் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. எழுதிய ரெனே கோசின்னிக்கும் வரைந்த ஆல்பேர் உடெர்சோவுக்கும் இதெல்லாம் தெரியும். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ‘நம் முன்னோர் கோல் மக்கள்’ என்று படித்து வந்த பாடத்தை எடுத்து, அதை அன்போடு கேலி செய்தார்கள். கோசின்னி கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாரிஸுக்கு வந்த யூதக் குடும்பத்தில் பிறந்து புவெனஸ் ஐரெஸில் வளர்ந்தவர். உடெர்சோவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பிரான்ஸ் தன் முன்னோர் கதையாகவே கொண்டாடும் தொடரைக் கொடுத்தவர்கள் இரண்டு குடியேறிகளின் பிள்ளைகள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி முதல் வழி. எதையும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குவது நம் பழக்கம். இந்தத் தொடரில் அதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு ஆல்பமும் 44 பக்கத்தில் தொடங்கி முடிந்துவிடும். கடைசியில் விண்மீன்களுக்குக் கீழே விருந்து. அடுத்த ஆல்பத்தில் எல்லாம் பழையபடி. யாருக்கும் வயது ஏறுவதில்லை. முந்தைய கதை தெரியாவிட்டால் புரியாது என்ற நிலை ஏறக்குறைய எங்கும் இல்லை.

‘ஆஸ்டெரிக்ஸ் த கோல்’ 1959 அக்டோபர் 29 அன்று ‘பிலோட்’ வார இதழின் முதல் இதழில் தொடங்கி, 1961இல் ஆல்பமாக வந்தது. ரோமானியர்கள் கஷாய ரகசியத்தை அறிய ஓர் ஒற்றனை அனுப்புகிறார்கள், பூசாரியைக் கடத்துகிறார்கள், ஆஸ்டெரிக்ஸ் மீட்கப் போகிறான். முகாமுக்குள் சிக்கிய இருவரும் செஞ்சூரியனை, அதாவது ரோமானியப் படைத்தலைவனை, அலைக்கழிக்கும் பகுதி இன்றும் சிரிக்க வைக்கிறது. குறிப்பாக முடியும் தாடியும் நிற்காமல் வளரும் கஷாயம். ஆனால் ஓபெலிக்ஸுக்கு இந்தக் கதையில் வேலையே கிடையாது. நாய்க்குட்டி டாக்மாட்டிக்ஸ் இன்னும் பிறக்கவில்லை. பின்னாளில் அடிக்கடி வரும் கடற்கொள்ளையர் இல்லை. முகங்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. உடெர்சோவின் கோடு பின்னாளில் பெற்ற சரளம் இங்கே இல்லை. அடுத்து வந்த ‘கோல்டன் சிக்கிள்’, ‘கோத்ஸ்’ இரண்டும் ஒவ்வொரு படி மேலே ஏறுகின்றன, அவ்வளவுதான். கோத்துகள் என்ற பழைய ஜெர்மானியக் குடியினரை ஜெர்மானியத் தலைக்கவசத்தோடு வரைந்து, தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ள விடும் 1963ஆம் ஆண்டு ஆல்பத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் கசப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. ஏற்கெனவே தொடரை நேசிப்பவர் இவற்றைத் தேடிப் படிப்பார், படிக்கவும் வேண்டும். நேசம் வருவதற்கு இவை போதா.

பயணக் கதைகள் வலுவான போட்டியாளர்கள். பலர் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் கிளியோபாட்ரா’ 1965இல் வந்தது. எகிப்தியர்களின் காலம் முடிந்துவிட்டது என்று சீசர் சொல்ல, மூன்றே மாதத்தில் அலெக்சாந்திரியாவில் ஓர் அரண்மனை கட்டிக் காட்டுகிறேன் என்று கிளியோபாட்ரா பந்தயம் கட்டுகிறாள். பொறுப்பு எடிஃபிஸ் என்ற கட்டடக் கலைஞன் தலையில் விழுகிறது. முடித்தால் தங்கம், முடிக்காவிட்டால் முதலை. அவன் கட்டிய வீடுகளில் ஒரு கதவும் நேராக இல்லை. அவன் ஓடிவந்து பழைய நண்பர் கெட்டஃபிக்ஸிடம் உதவி கேட்கிறான். ஸ்ஃபிங்க்ஸின் மூக்கு எப்படி உடைந்தது என்பதும் இங்கே தெரியவரும். பிரமிடுக்குள் சிக்கி வழி தெரியாமல் தவிக்கும்போது மட்டும் ஓபெலிக்ஸுக்குச் சில சொட்டுக் கஷாயம் கிடைக்கிறது. ஆல்பத்துக்கு ஆல்பம் அவன் ஏங்கிக் கேட்டது ஒருமுறை நிறைவேறுகிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இலக்கு தெளிவானது, கெடு தெளிவானது, வில்லன் தெளிவானவன். நகைச்சுவையில் பாதிக்கு மேல் படத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு வாழ்க்கை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘ஆஸ்டெரிக்ஸ் இன் பிரிட்டன்’ நமக்குத் தனிச் சுவை. நம்மை ஆண்டவர்களின் பழக்கவழக்கங்களை நமக்கு நன்றாகத் தெரியும் என்பதால் ஒரு நகைச்சுவையும் வீணாவதில்லை. மாலை ஐந்து மணிக்குப் பிரிட்டானியர்கள் போரை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்கப் போகிறார்கள். வார இறுதியில் சண்டையே கிடையாது. சீசர் அந்த நேரங்களில் மட்டும் தாக்கி வென்றுவிடுகிறார். கஷாயப் பீப்பாய் ஒன்றைக் கடல் கடந்து கொண்டுபோக வேண்டும். அது லோண்டினியத்தில், அதாவது இன்றைய லண்டனில், மதுப் பீப்பாய்களோடு கலந்துவிடுகிறது. வெந்நீரில் இடும் இலைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கும் இங்கே ஒரு விடை உண்டு. கதை ஓட்டத்தில் இது கிளியோபாட்ராவுக்குச் சமம். வேகத்தில் ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

மற்றப் பயணங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, பிரான்ஸின் தீவான கோர்சிக்கா, பெல்ஜியம் ஆகிய இடங்களின் மக்களைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சுகளே அந்த ஆல்பங்களின் மூலப்பொருள். சுவிஸ் வங்கி, சுவிஸ் சுத்தம், உருக்கிய பாலாடைக்கட்டி விருந்து எல்லாம் நமக்கும் எட்டிவிடும். கோர்சிக்கர்களின் குடும்பப் பகை, மதியத் தூக்கம், வாடையாலேயே கப்பலைத் தகர்க்கும் பாலாடைக்கட்டி ஆகியவற்றை ரசிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும். தவிர, ‘ஆஸ்டெரிக்ஸ் இன் கோர்சிக்கா’ பழைய ஆல்பங்களில் வந்த நண்பர்கள் பலரும் கெர்கோவியா வெற்றிநாள் விருந்துக்கு வந்து சேர்வதோடு தொடங்குகிறது. அவர்களை முன்பே அறிந்தவர்களுக்கே அந்தச் சந்திப்பு இனிக்கும். உடெர்சோவின் மலையும் காடும் அதில் கண்ணை விட்டு அகலாதவை. பத்து ஆல்பமாவது படித்த பிறகு எடுங்கள், அப்போது அது பொக்கிஷம்.

பயணக் கதைகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஆபத்து வெளியில் இருக்கிறது. பீப்பாய் தொலைந்தால் கண்டுபிடிக்க வேண்டும், பூவைப் பறித்துவர வேண்டும், வழியில் குறுக்கிடும் ரோமானியர்களை அடித்து வீழ்த்த வேண்டும். வெல்வார்கள் என்று முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும், ஏனென்றால் கஷாயம் இருக்கிறது. வழியில் நடப்பவற்றின் சுவைதான் கதை. அது பெரிய சுவைதான். ஆனால் அந்தக் கிராமம் யார், அது எதைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறது என்பது அங்கே தெரியவராது.

அதற்குக் கிராமத்துக்கே வர வேண்டும். 1970இலிருந்து கோசின்னி ஒரு புதுக் கேள்வியை எடுத்துக்கொண்டார்: அடித்து வெல்ல முடியாத ஊரை வேறு எப்படி வெல்லலாம்? சீசரும் அவருடைய ஆலோசகர்களும் ஒவ்வொரு ஆல்பத்திலும் புதுப்புது வழிகளைத் தேடுகிறார்கள். கோள் சொல்லிப் பார்க்கிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்பைக் கொண்டுவருகிறார்கள், பணத்தைக் கொட்டுகிறார்கள். ரோமானியர்கள் திட்டமிடாத வகையிலும் ஒரு குறிகாரன், ஒரு தேர்தல் என்று சோதனைகள் வந்து சேர்கின்றன. எல்லாவற்றிலும் கஷாயம் அண்டா நிறைய இருக்கிறது, பயன்தான் இல்லை.

‘ரோமன் ஏஜென்ட்’ 1970இல் வந்தது. டார்ச்சுவஸ் கன்வால்வுலஸ் என்ற ஒருவனை ரோமானியர்கள் ஊருக்குள் அனுப்புகிறார்கள். அவன் எங்கே நின்றாலும் அங்கே சண்டை மூளும். அரங்கில் சிங்கங்களுக்கு இரையாக எறிந்தபோது சிங்கங்களே ஒன்றையொன்று தின்று தீர்த்தன என்பது அவனுடைய முன்கதை. அவன் செய்வது ஒரே ஒரு காரியம்: தலைவரின் பிறந்தநாள் அன்று ஊருக்குள் வந்து, விலையுயர்ந்த ஒரு பூச்சாடியை ‘இந்த ஊரின் மிக முக்கியமான மனிதருக்கு’ என்று சொல்லி ஆஸ்டெரிக்ஸ் கையில் கொடுக்கிறான். போதும். தலைவரின் மனைவியிலிருந்து மீன்காரர்வரை எல்லோர் மனத்திலும் புழுக்கம் தொடங்குகிறது. கோபம் ஏற ஏறப் பேச்சுக் குமிழிகளை உடெர்சோ பச்சை நிறத்தில் தீட்டினார். அந்தப் பச்சை பக்கத்துக்குப் பக்கம் பரவுவதைப் பார்க்க வேண்டும். ஆஸ்டெரிக்ஸ் கஷாய ரகசியத்தை விற்றுவிட்டான் என்று சொந்த ஊரே சந்தேகிக்கும் இடம்தான் மொத்தத் தொடரிலும் எனக்கு மனம் கனக்கும் இடம். உள்ளே வந்த வதந்தி எப்படி வேலை செய்கிறது என்பதை 44 பக்கப் படக்கதையில் இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் அரிது.

‘மேன்ஷன்ஸ் ஆஃப் த காட்ஸ்’ 1971இல் வந்தது. கிராமத்தைச் சுற்றியுள்ள காட்டை அழித்து, அங்கே ரோமானியர்களுக்கு ஆடம்பர அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுங்கள், நாகரிகத்துக்கு நடுவில் தனித்துப்போய் அவர்களே அடங்குவார்கள் என்பது சீசரின் திட்டம். 1960களில் பாரிஸின் புறநகர்களில் எழுந்த பெரும் குடியிருப்புகளையும் அவற்றின் விளம்பரங்களையும் பார்த்து எழுதப்பட்டது. ஆல்பத்துக்குள்ளேயே அந்தக் குடியிருப்புக்கான விளம்பரப் பக்கங்கள் வருகின்றன. நம் ஊர் நாளிதழ்களின் வீட்டுமனை விளம்பரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அவை நேற்று எழுதியவை போலிருக்கும்.

முதலில் கஷாயமும் மந்திரமும் உதவுகின்றன. அடிமைகள் பகலில் வெட்டிய மரங்கள், கெட்டஃபிக்ஸின் மந்திர விதைகளால் மறுகணமே முளைத்து நிற்கின்றன. பிறகு கதை திரும்புகிறது. தான் கொடுத்த கஷாயத்தைக் குடித்த அடிமைகள் தப்பி ஓடுவார்கள் என்று ஆஸ்டெரிக்ஸ் எதிர்பார்க்கிறான். வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவைச் சேர்ந்த ஒரு தலைவனின் கீழ் அவர்களோ அமர்ந்து பேரம் பேசுகிறார்கள்: கூலி வேண்டும், முதல் கட்டடம் முடிந்ததும் விடுதலை வேண்டும். அடிமைகளுக்கு இவ்வளவு சலுகையா என்று கேட்டு ரோமானியப் படைவீரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அடிமைகள் விடுதலை பெற வேண்டுமென்றால் கட்டடம் முடிந்தாக வேண்டும்; ஆகவே கிராமமே கட்டட வேலையைத் தடுக்காமல் விலகி நிற்கிறது. நல்லெண்ணமே தோல்விக்கு வழி திறந்துவிடுகிறது. இப்படியொரு திருப்பத்தைக் கைச்சண்டைக் கதையில் எதிர்பார்க்கவே முடியாது.

குடிவந்த ரோமானியர்கள் சந்தைக்கு வருகிறார்கள். ரோமை ஒப்பிட்டால் இங்கே மீன் மலிவு என்று வியக்கிறார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருக்கிறது. விலை ஏறுகிறது. மறுநாள் பக்கத்து வீட்டாரும் மீன்கடை வைக்கிறார். ஆயுதங்களைப் பழம்பொருள் என்று விற்கும் கடைகள் முளைக்கின்றன. ரோமானியர்களை அடித்துத் துரத்திய அதே கைகள் அவர்களுக்கு மீன் கட்டிக் கொடுக்கின்றன. யாரும் துரோகம் செய்யவில்லை, ஒவ்வொருவரும் வியாபாரம்தான் செய்தார்கள். கிராமம் ஏறக்குறைய தோற்றுவிட்டது என்பதை ஆஸ்டெரிக்ஸும் கெட்டஃபிக்ஸும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதை மீட்கும் வழியில் பாணன் ககோஃபோனிக்ஸின் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. முழுவதையும் சொல்லி வாசகரின் சிரிப்பைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை.

சுற்றுலாத் தலமாகிவிட்ட எந்தச் சிற்றூரைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஆல்பம் நினைவுக்கு வருகிறது.

1976இல் வந்த ‘ஓபெலிக்ஸ் அண்ட் கோ’ இதே கேள்வியைப் பணத்தை வைத்துக் கேட்கிறது. பொருளாதாரம் படித்துவிட்டு வந்த கையஸ் பிரெப்போஸ்டரஸ் என்ற இளைஞன், அந்நாளில் பிரான்ஸின் பிரதமராக இருந்த ஜாக் சிராக்கின் முகத்தோடு வரையப்பட்டவன், ஓபெலிக்ஸிடம் குத்துக்கல் வாங்கத் தொடங்குகிறான். இன்று ஒரு விலை, நாளை அதைவிடக் கூடுதல். எதற்கும் பயன்படாத கல்லுக்கு ஏன் இவ்வளவு விலை என்று ஓபெலிக்ஸ் கேட்பதில்லை. உற்பத்தியைக் கூட்ட ஆள் வைக்கிறான், காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆள் வைக்கிறான், பகட்டான உடை அணிகிறான்; ஆஸ்டெரிக்ஸோடு காட்டுக்குப் போக நேரமில்லை, நாய்க்குட்டியைக் கொஞ்சவும் நேரமில்லை. ஊரே குத்துக்கல் தொழிலுக்கு மாறுகிறது. ரோமில் கல் மலையாகக் குவிகிறது. அதை விற்க விளம்பரம் வேண்டியிருக்கிறது. விற்றதும் ரோமிலேயே போட்டித் தொழிற்சாலைகள் கிளம்புகின்றன. கடைசியில் விலை சரிந்து சீசரின் கருவூலம் காலியாகிறது. மிகை உற்பத்தி, செயற்கைத் தேவை, உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு எல்லாம் உள்ளே இருக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பரிசளிக்க விரும்பினால் தயங்காமல் இதைக் கொடுப்பேன். ஆனால் பழைய ஓபெலிக்ஸை நன்கு அறிந்தவருக்கே அவன் மாறுவதைப் பார்க்கும் வலி முழுதாகக் கிடைக்கும். ஆகவே முதல் ஆல்பமாக இது வேண்டாம். நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரட்டும்.

‘சூத்சேயர்’ 1972இல் வந்தது. இடி மின்னலோடு ஒரு குறிகாரன் ஊருக்குள் நுழைகிறான். பூசாரி ஊரில் இல்லை. அவரவர் கேட்க விரும்பியதை அவரவருக்குச் சொல்லி அவன் வயிறு வளர்க்கிறான். ஆஸ்டெரிக்ஸ் மட்டும் நம்பவில்லை, ஓபெலிக்ஸ்கூட நம்பிவிடுகிறான். ரோமானியர்கள் அவனைப் பிடிக்கும்போது, உண்மையான குறிகாரன் என்றால் சிறை என்பதால் தான் ஏமாற்றுக்காரன் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. பகடையில் விழும் எண்ணைத் தவறாகச் சொல்ல முயன்று சரியாகச் சொல்லிவிடுகிறான். இரண்டாவது ஆல்பமாக இதைவிடச் சிறந்தது இல்லை. ‘சீசர்ஸ் கிஃப்ட்’ 1974இல் வந்தது. குடித்துவிட்டுச் சீசரைத் திட்டிய படைவீரனுக்கு ஓய்வுப் பரிசாக இந்தக் கிராமமே பட்டா எழுதிக் கொடுக்கப்படுகிறது, அவன் அதை மதுவுக்கு ஈடாக ஒரு விடுதிக்காரனிடம் தள்ளிவிடுகிறான், விடுதிக்காரன் குடும்பத்தோடு வந்து உரிமை கேட்க, ஊரில் தேர்தல் நடக்கிறது. பிரான்ஸில் அதிபர் தேர்தல் நடந்த ஆண்டு அது. வாக்குக் கேட்கும் காட்சிகள் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இந்த ஐந்து கிராமத்துக் கதைகளில் முதலாவதாக ஏன் ‘மேன்ஷன்ஸ்’? அதில் எல்லாம் சரியான அளவில் இருக்கின்றன. கஷாயமும் மந்திரமும் எப்படி வேலை செய்யும் என்று புதியவருக்குக் காட்டிவிட்டு, பிறகு அவை எங்கே தோற்கும் என்றும் காட்டுகிறது. ஓபெலிக்ஸுக்குக் குறும்பு செய்ய இடம் இருக்கிறது. ஊர் மக்கள் எல்லோரும் அறிமுகமாகிறார்கள். ‘ரோமன் ஏஜென்ட்’ இன்னும் கூர்மையானது என்று ஒருவர் வாதிட்டால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பிணக்குகளின் கதை என்பதால், ஊர் ஒற்றுமையாக இருப்பதை முன்பே பார்த்தவருக்குத்தான் அந்தப் பிளவு உறைக்கும்.

கோசின்னி 1977 நவம்பர் 5 அன்று, 51 வயதில், மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அப்போது வரைந்துகொண்டிருந்த பெல்ஜியம் ஆல்பத்தில், நண்பர் இறந்த இடத்திலிருந்து உடெர்சோ வானத்தை இருளாக்கி மழை பெய்யவிட்டார். 1979இல் வந்த அந்த 24ஆவது ஆல்பத்தோடு ஒரு காலம் முடிகிறது.

பிறகு உடெர்சோ தனியாக எழுதினார். ‘கிரேட் டிவைட்’ ஆல்பத்தில் ஒரு கிராமத்தை அகழி வெட்டி இரண்டாகப் பிரித்தது நல்ல கற்பனை. 1987இல் ஆஸ்டெரிக்ஸை இந்தியாவுக்கும் அழைத்து வந்தார்: மழை பெய்யாவிட்டால் இளவரசி ஓரிஞ்சேடைப் பலியிடுவார்கள், பறக்கும் கம்பளத்தில் ஒரு பக்கிரி வந்து ககோஃபோனிக்ஸைக் கூட்டிப் போகிறார், அவர் பாடினால் மழை வரும். நம் நாடு என்பதால் ஆசையாக எடுப்போம். ஓவியம் அருமை, ஆனால் அரண்மனை, புலி, யானை, பக்கிரி என்று வெளிநாட்டார் கதைகளில் பார்த்த இந்தியாவே அங்கும் இருக்கிறது. பிரிட்டனைப் பற்றிய ஆல்பத்தில் இருந்த கூர்ந்த பார்வை இதில் இல்லை. வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கும் 2005ஆம் ஆண்டு ஆல்பத்தை விட்டுவிடலாம். இந்தக் காலத்து ஆல்பம் எதையும் முதலில் எடுக்காதீர்கள்.

2013இலிருந்து திதியே கோன்ராத் வரைகிறார்; தொடக்கத்தில் எழுதியவர் ஜான்-ஈவ் ஃபெர்ரி. 2023இலிருந்து எழுதுபவர் ஃபாப்காரோ. கோன்ராத் உடெர்சோவின் கோட்டை வியக்கும்படி கைவசப்படுத்தியிருக்கிறார். கதைகளில் ‘மிஸ்ஸிங் ஸ்க்ரோல்’ சிறந்தது: தன் போர்க்குறிப்புகளில் இந்தக் கிராமத்தைப் பற்றிய அத்தியாயத்தைச் சீசர் மறைத்துவிட, அது கசிந்துவிடுகிறது. நேர்மறைச் சிந்தனை போதிக்கும் ஒருவனை ஊருக்குள் அனுப்பும் ‘ஒயிட் ஐரிஸ்’ பழைய ‘ரோமன் ஏஜென்ட்’ பாதையில் நடக்க முயல்கிறது. படிக்கலாம், நேரம் வீணாகாது. கடையில் இவையே பளபளப்பாக முன்வரிசையில் இருக்கும் என்பதால் எச்சரிக்கிறேன்: மூலத்தின் அடர்த்தி இவற்றில் இல்லை.

தமிழில் லயன் காமிக்ஸ் வழியாக லக்கி லூக் படித்தவர்களுக்குக் கோசின்னி புதியவர் அல்லர். மோரிஸ் வரைந்த அந்தத் தொடருக்கு 1955 முதல் இறக்கும்வரை எழுதியவர் அவர். அந்த நகைச்சுவை பிடித்தவர்கள் ஆஸ்டெரிக்ஸுக்குள் எளிதில் நுழைந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் வாங்கும்போது, 1969இலிருந்து ஆன்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும் செய்த மொழிபெயர்ப்பா என்று பாருங்கள். அமெரிக்காவில் அண்மையில் வந்த வேறு மொழிபெயர்ப்பும் இருக்கிறது. நான் பெல்–ஹாக்ரிட்ஜ் பக்கம். பிரெஞ்சு கற்கிறவர்கள் மூலத்தை முயலலாம், ஆனால் தொடக்க நிலையில் வேண்டாம்.

குழந்தைகளுக்கு வாங்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கொள்ளையர் கப்பலின் கறுப்பினக் காவலாளியைத் தடித்த சிவந்த உதடுகளோடு வரைந்திருப்பது அந்தக்கால ஐரோப்பிய இனக்கேலியின் எச்சம். ஊர்ப் பெண்களுக்கும் பெரும்பாலும் வம்பும் வசையும்தான் பங்கு. இதற்காகத் தொடரை ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படித்து, அது ஏன் தவறு என்று பேசிவிடுவதே சரி.

கடைசியாக, தனி ஆல்பமா தொகுப்பா? மூன்று மூன்று கதைகளாகச் சேர்த்த தொகுப்பு நூல்கள் கிடைக்கின்றன. வரிசையாக வாங்குவதற்குப் பதில், பெல்–ஹாக்ரிட்ஜ் பதிப்பின் ஆறாவது தொகுப்பை முதலில் எடுங்கள்: சுவிட்சர்லாந்து, மேன்ஷன்ஸ், லாரல் ரீத் மூன்றும் அதில் இருக்கின்றன, மூன்றுமே முதல் தரம். நடுவில் உள்ளதை முதலில் படித்துவிட்டு மற்ற இரண்டுக்கு வாருங்கள். அடுத்தது ஏழாவது தொகுப்பு. சூத்சேயர், கோர்சிக்கா, சீசர்ஸ் கிஃப்ட். ரோமன் ஏஜென்ட் ஐந்தாவதில் இருக்கிறது, ஓபெலிக்ஸ் அண்ட் கோ எட்டாவதில். குழந்தைக்கென்றால் கிளியோபாட்ரா உள்ள இரண்டாவது தொகுப்பு, பிறகு பிரிட்டன் உள்ள மூன்றாவது. ஒரே ஓர் ஆல்பத்துக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், தொகுப்பைத் தேடாமல் ‘மேன்ஷன்ஸ் ஆஃப் த காட்ஸ்’ தனி ஆல்பத்தை வாங்கிவிடுங்கள்.